முதல் கோல்ஃப் கிளப் போட்டி: டீயில் நிற்கும்போது கை நடுங்கினாலும் பந்து நேராகப் போக

போட்டிக்குப் பெயர் கொடுத்த அன்று இருக்கும் தைரியம் முதல் நாள் ராத்திரி இருக்காது. எனக்கும் இல்லை. மறுநாள் காலை முதல் டீயில், அதாவது ஆட்டத்தின் முதல் பந்தை அடிக்கும் இடத்தில், குனிந்து, பந்தைத் தாங்கும் சின்னக் குச்சியைத் (அதற்கும் டீ என்றுதான் பெயர்) தரையில் குத்தி, பந்தை அதன் மேல் வைத்தேன், உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. பின்னால் நின்ற நாலைந்து பேரும் எதையும் கவனிக்காத மாதிரி மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் கூச வைத்தது. கை நடுங்கினால் பந்தையும் டீயையும் தனித்தனியாக வைக்காதீர்கள். பந்தை உள்ளங்கையில் பிடித்து, விரல்களுக்கு நடுவே டீயை விட்டு, டீயின் தலை பந்தில் ஒட்டியிருக்க, இரண்டையும் சேர்த்தே தரையில் அழுத்துங்கள். எவ்வளவு நடுங்கினாலும் நின்றுவிடும். அப்படியும் விழுந்தால் பரவாயில்லை, அடிக்கும் முன் டீயிலிருந்து தானாக விழுந்த பந்துக்குத் தண்டனை எதுவும் கிடையாது, எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் போட்டியில் புதியவர்கள் புள்ளிகளைத் தொலைப்பது பெரும்பாலும் டீயில்தான், அதுவும் தூரம் போதாமல் அல்ல, தூரத்துக்கு ஆசைப்பட்டு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

புதியவர்கள் முதலில் ஆடுவது பல கிளப்புகளில் ஸ்டேபிள்ஃபோர்டு முறைப் போட்டியாகத்தான் இருக்கும். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற இங்கிலாந்து மருத்துவர் வகுத்த முறை, 1932ல் வாலசி கிளப்பில் முதன்முதலாகப் போட்டியாக ஆடப்பட்டது. ஒன்றிரண்டு ஹோலில் (டீயிலிருந்து குழிவரை ஒரு ஹோல், மொத்தம் பதினெட்டு) சொதப்பியவர் அதோடு மனம் விட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. ஹேண்டிகேப்பை, அதாவது உங்கள் திறனுக்கேற்பத் தரும் சலுகை அடிகளை (மட்டையால் ஒரு தடவை அடித்தால் ஒரு அடி), கழித்த பிறகு பார் (அந்த ஹோலுக்கு என்று வகுத்த அடிக்கணக்கு) எடுத்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3, பாரைவிட இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். அவ்வளவுதான். உங்கள் ஹேண்டிகேப் 36 என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு ஹோலிலும் இரண்டு அடி சலுகை. 370 யார்டு நீளமுள்ள பார் 4 ஹோல். டீயிலிருந்து ஹைப்ரிட்டை (அடிக்கச் சுலபமான நடுத்தர மட்டை) எடுத்து 150 யார்டு, மறுபடி 150, மீதி 70 யார்டைக் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை) ஒரு அடி, அங்கே பந்தைக் குழிக்கு உருட்ட இரண்டு பட். மொத்தம் ஐந்து, சலுகை போக மூன்று, உங்களுக்கு 3 புள்ளி. மூன்று பட் போட்டுத் தொலைத்தாலும் 2 புள்ளி. இப்போது அதே ஹோலில் டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிக்கும் மட்டையை, எடுத்து எல்லைக்கு வெளியே அடிக்கிறீர்கள். ஒரு அடி தண்டனை, அதே இடத்திலிருந்து மூன்றாவது அடி. அது அருமையாக 200 யார்டு போகிறது, நான்காவது கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது, ஐந்தாவது கிரீனில், இரண்டு பட், மொத்தம் ஏழு. ஒரே ஒரு புள்ளி. நீங்கள் வாழ்க்கையிலேயே சிறப்பாக அடித்த டிரைவ்களில் ஒன்று அதில் இருந்தும் கணக்கு இவ்வளவுதான்.

ஆகவே டீயில் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பந்து போய் விழுகிற இடத்திலிருந்து அடுத்த அடியை ஆட முடியுமா? முடியும் என்றால் நல்ல டீ ஷாட். பந்து பறந்த அழகை யாரும் ஸ்கோர் கார்டில் எழுதப்போவதில்லை.

அதற்காக டிரைவரைப் பையிலேயே பூட்டி வையுங்கள் என்று சொல்லவில்லை. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பயிற்சித் திடலில் இதைச் செய்து பாருங்கள். தூரத்தில் இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு கம்பங்களோ மரங்களோ, நடுவில் ஏறக்குறைய 30 யார்டு இடைவெளி இருக்கட்டும். அதுதான் உங்கள் ஃபேர்வே, மைதானத்தில் டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை மாதிரி. டிரைவரால் பத்துப் பந்து, ஃபேர்வே வுட்டால் (டிரைவரைவிடச் சிறிய மட்டை) பத்து, ஹைப்ரிட்டால் பத்து. உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று தாளில் குறியுங்கள், மனக்கணக்கு வேண்டாம், மனசு நல்லதை மட்டும்தான் எண்ணும். எனக்கு முதல் தடவை டிரைவரில் மூன்று, ஹைப்ரிட்டில் ஏழு வந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் முதல் போட்டியில் ஏழு தடவை டிரைவரை எடுத்தேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

டிரைவர் வலப்பக்கம் வளைந்து போவதுதான் புதியவர்களின் தலையாய வியாதி, ஸ்லைஸ். (வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.) பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். முகம் பார்க்கும் திசையும் மட்டை வீசப்படும் பாதையும் ஒத்துப்போகாவிட்டால் பந்து வளைகிறது. பாதையோடு ஒப்பிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் வலது பக்கம் வளைவு. இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? பந்து வலது பக்கம் போகிறதே என்று இன்னும் இடது பக்கம் திரும்பி நின்று, மட்டையை இன்னும் குறுக்காக வெட்டி இழுக்கிறோம். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது. நான் ஒரு மாதம் முழுக்க இப்படியே இடது பக்கம் இடது பக்கம் என்று திரும்பி, கடைசியில் பக்கத்து ஃபேர்வேயைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் பிடியைப் பாருங்கள். இடது கையைப் பிடியில் வைத்து மேலிருந்து பார்த்தால் இரண்டு அல்லது மூன்று விரல் கணுக்கள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கை இடது பக்கம் அதிகம் திரும்பியிருக்கிறது, அந்தப் பிடியில் முகத்தை நேராகக் கொண்டுவருவது பெரும்பாடு. கொஞ்சம் வலப்புறம் திருப்புங்கள். முதல் இருபது பந்து அசௌகரியமாகத்தான் இருக்கும், சிலது இடது பக்கம் சுருண்டு ஓடும், பயந்து பழைய பிடிக்குத் திரும்பாதீர்கள். இதனால்தான் பிடியை மாற்றுவதென்றால் வாரங்கள் இருக்கும்போதே மாற்ற வேண்டும், போட்டிக்கு முந்தைய நாள் எதையும் தொடக் கூடாது.

அடுத்தது தோள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டிரைவருக்குப் பந்தை இடது குதிகாலுக்கு நேராக முன்னால் வைக்கச் சொல்வார்கள், சரிதான். ஆனால் பந்து முன்னால் போனதும் அதைத் தொட வலது கை முன்னால் நீள்கிறது, கூடவே வலது தோளும் முன்னால் வந்துவிடுகிறது. காலைப் பார்த்தால் நேராக இருக்கும், தோள் மட்டும் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பந்து முன் நின்றபிறகு ஒரு மட்டையைத் தோள்களுக்குக் குறுக்கே மார்போடு அணைத்துப் பிடித்து, அது எங்கே காட்டுகிறது என்று பாருங்கள், திடுக்கிட்டுப் போவீர்கள். வலது தோளை முன்னால் விடாமல், கீழே இறக்குங்கள். உடம்பு தானாக இலக்கிலிருந்து கொஞ்சம் விலகிச் சாயும். டிரைவரில் பந்தை லேசாக மேல்நோக்கி அடிப்பதற்கு அந்தச் சாய்வுதான் வேண்டும்.

டீயின் உயரம்: டிரைவரைத் தரையில் வைத்தால் அதன் மேல் விளிம்புக்கு மேலே பாதிப் பந்து தெரிய வேண்டும். பந்து வானத்துக்கு எகிறிவிடும் என்று பயந்து டீயைத் தாழ்த்துகிறவர்கள் நிறையப் பேர். தாழ்த்தினால் பந்தை மேலிருந்து கொத்தத்தான் தோன்றும், கொத்தினால்தான் எகிறும். ஹைப்ரிட்டுக்கும் அயர்னுக்கும் (தட்டையான இரும்புத் தலை மட்டை) நேர்மாறு, புல்லுக்கு மேல் ஒரு மயிரிழை உயர்ந்தால் போதும்.

அப்புறம், மட்டையின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்று தெரியாமல் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவால் பந்தின் பின்புறம் பெரிதாக ஒரு புள்ளி வையுங்கள், புள்ளி மட்டையைப் பார்க்கும்படி டீயில் வைத்து அடியுங்கள். மட்டையின் முகத்தில் மை அச்சாகப் பதிந்திருக்கும். ஐந்து பந்து அடித்துவிட்டு மட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு ஐந்தும் தண்டுக்குப் பக்கத்தில், குதிகால் பக்கமாகவே பதிந்திருந்தன. டிரைவரில் பந்து குதிகாலில் பட்டாலே வலது பக்கச் சுழற்சி ஏறிவிடும், நுனியில் பட்டால் இடது பக்கம். அதாவது என் ஸ்லைஸில் பாதி, ஸ்விங்கின் கோளாறே இல்லை, நான் பந்துக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றேன். அரை அடி பின்னால் தள்ளி நின்றதும் மை நடுவுக்கு வந்தது. போட்டிக்குப் போகும் முன் மட்டையின் முகத்தைத் துடைத்துவிடுங்கள்.

மட்டையை வெளியிலிருந்து குறுக்காக வெட்டும் பழக்கத்துக்கு ஒரு மருந்து: காலியான பந்து அட்டைப்பெட்டியைப் பந்துக்கு வெளிப்பக்கமாக, ஒரு கையகலம் தள்ளி, பந்துக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பெட்டியைத் தட்டாமல் அடிக்க வேண்டும். முதலில் பாதி வேகத்தில். பெட்டி பறந்தால் பழைய வழியிலேயே வருகிறீர்கள் என்று அர்த்தம். இது அலுப்பான பயிற்சிதான், ஆனால் ஒரு மணி நேரம் கண்மூடித்தனமாக வாளி வாளியாகப் பந்து அடிப்பதைவிட இருபது நிமிடம் இதைச் செய்வது மேல். அப்படியும் டிரைவர் அடங்காவிட்டால் பிடியில் ஒரு அங்குலம் கீழே இறங்கிப் பிடியுங்கள். கடையில் வாங்கும் டிரைவர்கள் பொதுவாக 45 அங்குலத்தை ஒட்டி இருக்கும், பையிலேயே நீளமான மட்டை அதுதான், நீளம் கூடக்கூட நடுவில் படவைப்பது கஷ்டம்.

போட்டிக்கு முந்தைய வாரம் ஸ்விங்கை விட்டுவிட்டு சடங்கைப் பழகுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, பந்துக்கு இரண்டடி முன்னால் தரையில் ஒரு இலையையோ கறையையோ பிடித்துக்கொள்வது, முகத்தை அதற்கு நேராக வைப்பது, ஒரு மூச்சு வெளியே விடுவது, அடிப்பது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரே மாதிரி, ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை மாற்றி. அடித்து முடித்த நிலையில் பந்து தரையில் விழும்வரை அசையாமல் நில்லுங்கள். தள்ளாடினால் உங்கள் உடம்பு தாங்கும் வேகத்தைவிட அதிகமாக வீசியிருக்கிறீர்கள்.

போட்டி நாளன்று சீக்கிரம் போங்கள். ஸ்டார்ட் நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதமானால் முதல் ஹோலில் இரண்டு அடி தண்டனை, அதற்கு மேல் போனால் போட்டியிலிருந்தே நீக்கம். பையில் மட்டைகளை எண்ணுங்கள், பதினான்குக்கு மேல் இருக்கக் கூடாது. நண்பரிடம் வாங்கி மறந்துபோன மட்டை ஒன்று எப்போதும் அடியில் கிடக்கும். பந்தில் பேனாவால் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள், ஒரே கம்பெனிப் பந்து இரண்டு பேரிடம் இருப்பது சகஜம், தப்பான பந்தை அடித்தால் இரண்டு அடி போச்சு. தூரம் அளக்கும் கருவி வைத்திருந்தால் மேடு பள்ளம் கணக்கிடும் வசதியை அணைத்துவிடுங்கள். அன்று காலை மைதானத்தின் ஹோல்களில் போய்ப் பயிற்சி செய்யக் கூடாது, பயிற்சித் திடலும் பட்டிங் கிரீனும் இருக்கின்றன. உடம்பு சூடாவதற்கு சின்ன மட்டையில் ஆரம்பித்து இருபது பந்து போதும். கடைசி மூன்று பந்து முதல் டீயில் எடுக்கப்போகும் மட்டையால், முழுச் சடங்கோடு. அவற்றில் ஒன்று கோணலாகப் போனாலும் நான்காவது பந்தை எடுக்காதீர்கள்.

கூட ஆடுபவர்களிடம் இது எனக்கு முதல் போட்டி என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஒருவர் விடாமல் அவரவர் முதல் போட்டிக் கதையைச் சொல்வார்கள், பதற்றம் பாதி அங்கேயே இறங்கும். விதியில் சந்தேகம் வந்தால் அவர்களைக் கேட்கலாம். கொடி எவ்வளவு தூரம், குளம் எங்கே என்றும் கேட்கலாம். எந்த மட்டையை எடுத்தீர்கள், நான் எதை எடுக்கட்டும் என்று மட்டும் கேட்காதீர்கள், அது ஆலோசனை, இரண்டு அடி தண்டனை.

டீயில் இரண்டு அடையாளக் குறிகள் இருக்கும். அவற்றின் முன் விளிம்பை இணைக்கும் கோட்டிலிருந்து பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். கால்கள் வெளியே இருக்கலாம், பந்து இருக்கக் கூடாது. குறிகளைத் தாண்டி முன்னால் வைத்து அடித்தால் இரண்டு அடி தண்டனையோடு சரியான இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். இந்த அகலத்தைப் பயன்படுத்துங்கள். வலது பக்கம் ஆபத்து இருக்கிறதா, டீயின் வலது ஓரத்தில் வைத்து இடது பக்கம் பார்த்து அடியுங்கள், ஸ்லைஸ் வந்தாலும் வளைய இடம் இருக்கும். உள்ளுணர்வு எதிர்ப்பக்கம் போகச் சொல்லும், கேட்காதீர்கள். வீசியது பந்தில் படவே இல்லையா? அதுவும் ஒரு அடிதான், ஆனால் பந்து டீ எல்லைக்குள்ளேயே கிடந்தால் தண்டனை இல்லாமல் எடுத்து மீண்டும் டீயில் வைத்து இரண்டாவது அடியை அடிக்கலாம்.

இப்போது நான் மாட்டிய இடம். நான்காவது ஹோல், டிரைவர், வலது பக்கம் மரங்களுக்குள் போனது. பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து, "இன்னொன்று அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடித்தேன், அது ஃபேர்வே நடுவில் போய் நின்றது. நடந்து போனால் முதல் பந்து மரங்களுக்கு வெளியே, குட்டைப் புல்லில், ஒரு அருமையான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சந்தோஷமாக மட்டையை எடுத்தேன். கூட வந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ப்ராவிஷனல்னு நீங்க சொல்லலையே." அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், அல்லது தற்காலிகமாக அடிக்கிறேன் என்பது தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் டீயிலிருந்து இன்னொன்றை அடித்தால், அடித்த நொடியில் அதுதான் ஆட்டத்தில் உள்ள பந்து, முதல் பந்து செத்துப்போனது. ஃபேர்வேயில் கிடந்த பந்தை என் நான்காவது அடியாக ஆடினேன். பத்தடி தள்ளிக் கண்ணுக்கு முன்னால் கிடந்த முதல் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டதுதான் அன்று மனசு நொந்த இடம். பந்து எல்லைக்கு வெளியே போயிருக்கலாம், காணாமல் போகலாம் என்று லேசாகத் தோன்றினாலும் சத்தமாக "ப்ராவிஷனல்" என்று சொல்லிவிட்டு அடியுங்கள். தேட மூன்று நிமிடம்தான், 2019க்கு முன்பு ஐந்தாக இருந்தது, பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் ஐந்து என்றே சொல்வார்கள்.

பந்து யார் பக்கமாவது போகிறது என்றால் யோசிக்காமல் "ஃபோர்" என்று கத்துங்கள். வெட்கம் அப்புறம்.

வேகத்தைப் பற்றிப் புதியவர்கள் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். மெதுவாக ஆடுவது அதிக அடி எடுப்பதால் வருவதில்லை, தயாராக இல்லாததால் வருகிறது. உங்கள் முறை வரும்போது கையுறை, பந்து, டீ, மட்டை எல்லாம் கையில் இருந்தால் போதும். ஸ்டேபிள்ஃபோர்டில் இனிப் புள்ளி வராது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மொத்த அடி எண்ணும் போட்டியில் மட்டும் இது நடக்காது, பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். அரை அடி பட்டைக்கூட "சரி, எடுத்துக்கோ" என்று விடும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் அங்கே செல்லாது.

நீங்கள் இன்னொருவருக்கு மார்க்கர், அதாவது அவர் எடுத்த அடிகளைக் கார்டில் எழுதுபவர், இன்னொருவர் உங்களுக்கு மார்க்கர். ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் வாய்விட்டு எண்ணிக்கையைச் சொல்லிச் சரிபார்த்து எழுதுங்கள், மூன்று ஹோல் கழித்து நினைவுபடுத்த முயன்றால் தகராறுதான். ஆட்டம் முடிந்ததும் கூட்டல் தவறைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கூட்டுவதும் ஹேண்டிகேப் கழிப்பதும் போட்டிக் குழுவின் வேலை. ஒவ்வொரு ஹோலுக்கும் எழுதிய எண் உங்கள் பொறுப்பு. உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே நிற்கும், குறைவாக எழுதியிருந்தால் பொதுவாக நீக்கம்தான். இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டைக் கொடுங்கள், பசியில் எழுந்து போய்விடாதீர்கள்.

கொடுக்கும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு ஹோலுக்கும் டீயில் எடுத்த மட்டையையும், அங்கிருந்து அடுத்த அடி ஆட முடிந்ததா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரப் பயிற்சிக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. என் தாளில் டிரைவர் ஏழு தடவை, ஆட முடிந்தது இரண்டு. ஹைப்ரிட் ஏழு தடவை, ஆட முடிந்தது ஆறு. மீதி நான்கும் பார் 3. மொத்தம் 21 புள்ளி, அதில் டிரைவர் எடுத்த ஏழு ஹோலில் வந்தது நான்கு.